ஏழு நாளில் இரண்டு நாடு, ஆறு பூங்கா: பாதியை வெட்டுங்கள்

கேட்டிருப்பது இதுதான். ஆகஸ்டில் ஏழு நாள், முதல்முறை ஆப்பிரிக்கா. நீங்கள் இருவர், அப்பா அம்மா, முன்பின் தெரியாத இன்னும் மூன்று பேர், எல்லோரும் ஒரே வண்டியில். ஏஜென்ட் கொடுத்த திட்டம் கென்யாவின் நைரோபியில் தொடங்கி அம்போசெலி, அங்கிருந்து நமங்கா எல்லை தாண்டி தான்சானியாவில் மன்யாரா ஏரி, இங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி, திரும்ப எல்லை தாண்டி மசாய் மாரா, நகுரு ஏரி, மறுபடி நைரோபி. இது நல்ல திட்டமா, வைல்ட்பீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் ஆப்பிரிக்க மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியுமா, பெரியவர்கள் தாங்குவார்களா?

நேராகவே சொல்கிறேன், இந்தத் திட்டத்தில் விலங்குகளைவிட லாரிகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நான் நைரோபியில் சில வருடம் வேலை பார்த்தவன், ஊரிலிருந்து வந்த சொந்தபந்தம் எல்லாரையும் காட்டுக்கு அழைத்துப் போகிற வேலை என் தலையில்தான் விழும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் இதே மாதிரி ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குவார்கள். பட்டியலில் பெயர் கூடக் கூட பணத்துக்கு மதிப்பு கூடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது, ஏஜென்டுக்கும் அது தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நைரோபியிலிருந்து அம்போசெலி நாலு, நாலரை மணி நேரம். மறுநாள் அங்கிருந்து நமங்கா, எல்லையில் இரண்டு நாட்டு வரிசை, அப்புறம் அருஷா நகரம், அப்புறம் மன்யாரா என்று ஏழெட்டு மணி நேரம் ஓடிவிடும். செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்குப் போகிற நாள்தான் மோசம், ஒன்பது பத்து மணி நேரம் சாதாரணமாக ஆகும். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன, எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். நடுவில் போலோகொஞ்சா என்று ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு அது கிடையாது. 1977ல் தான்சானியா கென்யாவோடு இருந்த எல்லையை மூடியது, 1983ல் திறந்தபோதும் அந்த வழி பயணிகளுக்குத் திறக்கவில்லை. ஆகவே வைல்ட்பீஸ்ட் நேராகக் கடந்து போகும், நீங்கள் மேற்கே சிராரி, இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். கென்யா வண்டி தான்சானியா பூங்காவுக்குள் போக முடியாது என்பதால் எல்லையில் மூட்டை முடிச்சோடு வண்டி மாற்றம், ஓட்டுநர் மாற்றம். நாலு நாளாகப் பழகி, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட ஒரு வழிகாட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் புது ஆளோடு தொடங்குவீர்கள்.

இதற்கு மேல் ஒரு விஷயம். காட்டில் நல்ல நேரம் என்பது விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை நாலு மணியிலிருந்து இருட்டும் வரையும்தான். மதியம் சிங்கம் மரத்தடியில் மல்லாந்து கிடக்கும், ஒரு நாளில் பெரும்பகுதி அதற்கு அதுதான் வேலை. தினமும் காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் திட்டத்தில் அந்த இரண்டு நல்ல நேரமும் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். ஓர் இடத்தில் இரண்டு இரவாவது தங்கினால்தான் ஒரு முழுக் காலையும் ஒரு முழு மாலையும் கைக்குக் கிடைக்கும். பெரிய இடமென்றால் மூன்று இரவு.

அதனால் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த நாடு என்பதை மாதம் முடிவு செய்யட்டும்.

அந்தப் பெரும் இடப்பெயர்ச்சியைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, ஏதோ ஒரு தேதியில் நடக்கும் திருவிழா மாதிரி. உண்மையில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்ட்பீஸ்ட்டும், இரண்டு லட்சத்துக்குக் குறையாத வரிக்குதிரைகளும் வருடம் முழுக்க மழையைத் துரத்திக்கொண்டு வட்டமடிக்கின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவை செரெங்கெட்டியின் தெற்கே, இண்டுட்டு பக்கம் இருக்கும். அங்கே மண் எரிமலைச் சாம்பல், அடியில் இறுகிய தட்டு, மரம் வேர்விட முடியாது, ஆனால் குட்டையான புல்லில் தாதுச்சத்து அதிகம். குட்டி ஈனுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் குட்டிகள் விழும். மழை நின்றுவிட்டால் அந்தச் சமவெளியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது, அதனால் மேற்கே குருமெட்டி ஆறு, பிறகு வடக்கே மாரா ஆறு என்று நகரும். மாரா ஆறு கென்யாவின் மாவு காட்டிலிருந்து வருவதால் வறண்ட மாதங்களிலும் ஓடும். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை கூட்டம் அந்த ஆற்றுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் போய்ப் போய் வரும்.

ஆகவே ஆகஸ்டில் கடப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. கரையில் பத்தாயிரம் உருப்படி சேர்ந்து நிற்கும், முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னால் இருப்பது தள்ளும், மூன்று மணி நேரம் நீங்கள் வேர்த்து உட்கார்ந்திருப்பீர்கள், திடீரென்று எல்லாம் திரும்பி மேயப் போய்விடும். ஒரு வரிக்குதிரை மிரண்டாலும் போதும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுக்குப் பக்கத்தில் நாட்கள் வேண்டும், உங்கள் திட்டத்தில் மாராவுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் இரவு, அதுவும் பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு! இன்னொன்றையும் தெரிந்து போங்கள், ஆற்றங்கரையில் வண்டிகளின் கூட்டம் சில நாள் முகம் சுளிக்க வைக்கும். 2025 ஜூலையில் வடக்குச் செரெங்கெட்டியில் ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கி விலங்குகளின் வழியையே மறித்து நின்ற வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் ஓட்டுநர் தள்ளி நிறுத்தினால் இன்னும் கிட்டப் போங்கள் என்று நச்சரிக்காதீர்கள், நல்ல ஓட்டுநருக்கு அடையாளமே அதுதான்.

ஆகஸ்ட், பெரியவர்கள், ஏழு நாள் என்றால் என் பதில் கென்யா மட்டும். அம்போசெலி இரண்டு இரவு, நைவாஷா ஓர் இரவு, மாரா மூன்று இரவு, ஏழாம் நாள் மதியம் கிளம்பி நைரோபி. அவ்வளவுதான்.

அம்போசெலி சின்னப் பூங்கா, 392 சதுர கிலோமீட்டர். ஆனால் யானைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர், மலை தான்சானியாவில், அழகாகத் தெரிவது கென்யாவிலிருந்து) மேல் விழும் மழைநீர் தரைக்கடியில் ஊறி வந்து இங்கே சதுப்பு நிலமாக வெளியே வருகிறது, சுற்றிலும் புழுதி பறக்கும்போது நடுவில் பச்சை. யானைக் குடும்பங்கள் காலையில் வரிசையாகச் சதுப்புக்குள் இறங்கும், வயிறு வரை தண்ணீரில் நின்று மேயும், மாலையில் அதே வரிசையில் திரும்பும். 1972லிருந்து யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் குழுவினர் இந்த யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயர் வைத்துத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள், வண்டிக்குப் பழகிய யானைகள், அதனால் பயமில்லாமல் கிட்டத்தில் பார்க்கலாம். மலை தெரியுமா என்றால் விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம், இல்லையென்றால் சூரியன் சாயும் நேரம். ஆகஸ்டில் மேகம் பிடிவாதமாக நிற்கும் நாட்களும் உண்டு. ஓர் இரவு மட்டும் தங்கினால் ஒரே ஒரு விடியல்தான், இரண்டு இரவு என்று நான் அடம்பிடிப்பதற்கு அதுவும் காரணம்.

நைவாஷா எதற்கென்றால் இடுப்பு எலும்பு ஓய்வெடுக்க. நன்னீர் ஏரி, படகில் ஒரு மணி நேரம், நீர்யானை, மீன் கழுகு. பக்கத்தில் ஹெல்ஸ் கேட் பூங்காவில் சைக்கிள் ஓட்டலாம், நடக்கலாம். ஒரு வாரம் முழுக்க வண்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நகுருவை ஏன் வெட்டினேன்? எல்லோரும் அதைப் பூநாரைக்காகக் கேட்கிறார்கள், ஏரிக்கரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பழைய படங்களை நம்பி. கடந்த பதினைந்து வருடத்தில் ஏரியில் தண்ணீர் மட்டம் ஏறி, கரையோரச் சாலையும் பழைய நுழைவாயிலும்கூட மூழ்கிப் போயின. தண்ணீர் ஏறினால் உப்பும் காரமும் நீர்த்துப்போகும், பூநாரை தின்னும் நுண்பாசி குறையும், பறவைகள் பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குக் கிளம்பிவிடும். சில நாள் கொஞ்சம் இருக்கும், சில நாள் பெயருக்குத்தான். காண்டாமிருகத்துக்கு மட்டும் நகுரு இன்றும் நல்ல இடம், வேலி போட்ட பூங்கா, கறுப்பு வெள்ளை இரண்டுமே உண்டு.

மாராவில் மூன்று இரவு தங்கும்போது பணக் கணக்கைச் சரியாகப் பாருங்கள். 2024லிருந்து வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முன்பு 24 மணி நேரத்துக்குச் செல்லுபடியான சீட்டு இப்போது காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். ஏஜென்ட் சொல்லும் விலை திடீரென்று மலிவாக இருந்தால், அதில் மாராவுக்கு எத்தனை நாள் சீட்டு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். மூன்று இரவு தங்கவைத்து இரண்டு சீட்டு மட்டும் கணக்கில் வைப்பதும், தங்குமிடத்தைப் பூங்காவுக்கு வெளியே தூரத்தில் போட்டு விடியற்காலை முக்கால் மணி நேரத்தைத் தின்பதும் சாதாரணமாக நடக்கிறது.

சரி, தான்சானியாவை மொத்தமாகக் கைவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. நீங்களே பிப்ரவரியில் போவதாக இருந்தால் யோசிக்காமல் அருஷாவில் இறங்குங்கள் என்பேன். இரண்டில் எனக்கு அதிகம் பிடித்ததும் அந்தப் பக்கம்தான். 14,763 சதுர கிலோமீட்டர் செரெங்கெட்டிக்கு முன்னால் மாரா (1,510) ஒரு மூலை. செரெங்கெட்டி நடுவில் செரோனரா ஓடைக்கரை மரங்களில் சிறுத்தை தொங்கவிட்ட வாலைத் தேடுவது, பாறைக்குன்றுகளில் சிங்கம் வெயில் காய்வது, அங்கே போகும் வழியிலேயே ஓல்டுவாய் பள்ளத்தாக்கு, 1959ல் தொல்லியலாளர் மேரி லீக்கி ஆதிமனித மண்டையோடு எடுத்த இடம். அதே பக்கத்திலுள்ள தராங்கிரே பூங்காவை யாரும் கண்டுகொள்வதில்லை, ஒரு மதியம் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சுற்று வட்டாரம் காய்ந்துவிட, அங்குள்ள தராங்கிரே ஆற்றுக்குத் தண்ணீருக்காக நூற்றுக்கணக்கில் யானைகள் வரும், பின்னால் பெருத்த பாவோபாப் மரங்கள், அடிமரத்தில் யானைகள் தந்தத்தால் குடைந்த காயங்கள். அங்கே ஒரே தொல்லை செட்சி ஈ. அதற்குக் கறுப்பும் கருநீலமும் பிடிக்கும், வழியில் மரத்தில் தொங்கும் நீலக் கறுப்புத் துணிகள் அதைப் பிடிக்க வைத்த பொறிகள்தான். அதே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கடி ஊசி குத்தியது போல் இருக்கும், துணிக்கு மேலாகவே கடிக்கும்.

இங்கோரோங்கோரோ ஒரு முறை பார்க்க வேண்டியது. அறுநூறு மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட 260 சதுர கிலோமீட்டர் பரப்பில், சுவர் எழுப்பிய மாதிரி ஒரு கிண்ணம். கறுப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்பு. ஒட்டகச்சிவிங்கி கீழே இல்லை, சரிவு அத்தனை செங்குத்து, அதற்கேற்ற மரங்களும் குறைவு. யானைகளிலும் பெரும்பாலும் வயதான ஆண்கள்தான். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் குளக்கரையில் பருந்துகள் கையிலிருக்கும் கோழிக்காலைப் பறித்துக்கொண்டு போகும், வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள். கீழே இறங்க வண்டி ஒன்றுக்கு 250 டாலரும் அதன் மேல் வரியும் கட்ட வேண்டும், குழுவாகப் போவதன் லாபம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். அந்தப் பக்கம் அனுமதி பெரும்பாலும் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அதனால்தான் நல்ல சிங்கத்தை விட்டுவிட்டு ஓட்டுநர் கேட்டை நோக்கிப் பறக்கிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள், தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம்.

இப்போது குழுவைப் பற்றி. எந்தப் பூங்கா என்பதைவிட இதுதான் ஒரு வாரத்தை நல்லதாக்கும் அல்லது நாசமாக்கும். ஏழு பேர் என்றால் ஒருவர் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில், மற்ற ஆறு பேர் பின்னால், மேற்கூரை திறந்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் சாய்வார்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் ஜன்னல் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி லேண்ட் க்ரூசரா, கூரை தூக்கிய மினிவேனா என்றும் கேளுங்கள். கென்யாவில் மலிவுப் பயணங்களுக்கு மினிவேன்தான் வரும், காய்ந்த தரையில் பரவாயில்லை. ஆனால் மாராவில் பல இடங்களில் மண் கரிசல், ஒரு நல்ல மழை பெய்தால் மினிவேன் புதைந்து நிற்க லேண்ட் க்ரூசர் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்.

முதல் நாளே சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். இருக்கையைத் தினமும் ஒரு சுற்று மாற்றிக்கொள்வது. கிளம்பும் நேரம் ஆறு என்றால் ஆறு, ஒருவர் தலை சீவும் நேரத்தில் மற்ற எல்லோரின் சிறுத்தையும் மரத்தைவிட்டு இறங்கிப் போயிருக்கும். விலங்கு பக்கத்தில் இருக்கும்போது என்ஜினை அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது. ஒருவருக்குப் பறவை பிடிக்கும், இன்னொருவருக்குச் சிங்கம் தவிர எதுவும் வேண்டாம், இந்தச் சண்டை கட்டாயம் வரும். எனக்குத் தெரிந்த வழி, காலையைப் பெரிய மிருகங்களுக்கும் பதினொரு மணிக்கு மேல் பறவைக்காரருக்கும் விட்டுவிடுவது. பிக் ஃபைவ் (சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்) பட்டியலை டிக் அடிப்பதே குறியாக இருக்கும் ஆள் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவருக்காக ரேடியோவில் கேட்ட இடத்துக்கெல்லாம் வண்டி ஓடும், போய்ச் சேரும்போது அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டி நிற்கும். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிதான் என்று விதி இருக்கிறது, எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு கழுதைப்புலிக் கூட்டத்தின் குகை வாசலில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து குட்டிகள் விளையாடுவதைப் பார்ப்பது, அந்த வண்டிக் கூட்டத்துக்கு நடுவில் சிங்கத்தின் காதைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

அங்கே மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் கிராமம் பார்க்கலாமா என்று கேட்பார்கள், தனிக் கட்டணம், துள்ளல் நடனம், பாசிமணிக் கடை. பிடித்தால் போங்கள், கட்டணத்தை முன்னாலேயே பேசி முடியுங்கள். 1959ல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான், இங்கோரோங்கோரோவிலிருந்து இடம்மாற்றுவது பற்றிய தகராறு இன்றும் ஓயவில்லை. அதனால் கிராமத்தில் நடனம் பார்ப்பதைவிட, உங்கள் வழிகாட்டி மசாயாக இருந்தால் மாலை நெருப்பு முன்னால் உட்கார்ந்து அவரிடம் பேச்சுக் கொடுங்கள்.

அப்பா அம்மா விஷயம். வயது பிரச்சினையே இல்லை, முதுகுதான் பிரச்சினை. பின் சக்கரத்துக்கு மேலுள்ள கடைசி வரிசையில் அவர்களை உட்கார வைக்காதீர்கள், அங்கேதான் தூக்கிப் போடும். ஓட்டுநர்கள் இதற்கு ஆப்பிரிக்கன் மசாஜ் என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள், அறுபத்தைந்து வயதில் அது சிரிப்பில்லை. காட்டில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, கழிப்பறை என்பது கேட்டிலும் சாப்பாட்டுத் திடல்களிலும்தான், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள், முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லி வைத்தால் அவர் பார்த்துக்கொள்வார். கூடாரத் தங்குமிடங்களில் இருட்டிய பிறகு சாப்பாட்டு இடத்துக்குக் காவலாளி வந்துதான் கூட்டிப் போவார், தனியாக நடக்கக் கூடாது, வேலி இல்லாத இடத்தில் நீர்யானை புல் மேய வரும். குளிரை யாரும் நம்புவதில்லை. ஆகஸ்டு விடியற்காலை, கூரை திறந்த வண்டியில், ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் வந்து நடுங்குகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். சாப்பாட்டுக் கவலை வேண்டாம், சப்பாத்தியும் பீன்ஸும் அங்கே உள்ளூர்ச் சாப்பாடு, தங்குமிடங்களில் சைவம் தாராளமாகக் கிடைக்கும். வழியில் தரும் பெட்டிச் சாப்பாட்டுக்கு மட்டும் முதல் நாள் இரவே சைவம் என்று சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்க வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். வயதானவர்களுக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளுமா என்பதை டாக்டரிடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள், மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் ஆன்லைன் பயண அனுமதி. கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டு விசா கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்குத்தான், தான்சானியா அதில் இல்லை. பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள், கென்யாவில் 2017லிருந்து தடை. சுவரில் நம் ஊர் மாதிரி இல்லாத மூன்று முள் பிளக், அதற்கு ஒரு அடாப்டர். உருளும் பெரிய பெட்டிக்குப் பதில் துணிப் பை.

ஏஜென்டுக்கு இன்றே எழுதுங்கள்: கென்யா மட்டும், மூன்று இடம், ஆறு பேருக்கு மேல் இல்லாத லேண்ட் க்ரூசர், முழுப் பயணத்துக்கும் ஒரே ஓட்டுநர், மாரா சீட்டுகள் எத்தனை என்று தனியாக. ஆகஸ்டு அங்கே உச்ச மாதம், ஆற்றுக்குப் பக்கத்துத் தங்குமிடங்கள் முதலில் நிரம்பும். மாராவில் ஓர் இரவைக் குறைத்து நகுருவைச் சேர்க்கலாமே என்று அவர் கட்டாயம் திருப்பிக் கேட்பார், அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். காண்டாமிருகம் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் மட்டும் நைவாஷா இரவை நகுருவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.